காலால் பிறந்தவள்

நான் காலால் பிறந்தவள். எல்லாப் பிள்ளைகளும் தலையை முன்னே விட்டு வரும். எனக்கு எதிலும் அவசரம்; காலை நீட்டிக்கொண்டு வந்துவிட்டேனாம். என் அம்மா பிழைத்ததே பெரிய காரியம் என்று சொல்வார்கள். ஆனால் அப்படிப் பிறந்தவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு மதிப்பு உண்டு. காலால் பிறந்தவர் மிதித்து நீவிவிட்டால் எந்தச் சுளுக்கும் ஓடிவிடும் என்பார்கள். நடக்கத் தெரிந்த நாளிலேயே என்னைத் தூக்கிப் பிறத்தியார் முதுகில் நிறுத்திவிட்டார்கள்.

மூன்று நாள், விளக்கு வைக்கிற நேரம், வலது காலால் மேலிருந்து கீழாக மூன்று நீவல், முடிவில் ஒரு மிதி. அவ்வளவுதான் வைத்தியம். கூலி வாங்கக் கூடாது. வந்தவரை மாட்டேன் என்று திருப்பி அனுப்பவும் கூடாது. படுத்திருப்பவர் அசையாமல், சத்தம் காட்டாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இலஞ்சியில் தென்னையிலிருந்து வழுக்கியவர், செங்கோட்டையில் மூட்டை தூக்கி இடுப்புப் பிடித்தவர், குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்து பாசியில் சறுக்கிய மதுரைக்காரர் என்று வண்டி கட்டிக்கொண்டு தென்காசியில் எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறார்கள். "முத்துவடிவு காலு பட்டா மூணாம் நாளு ஓட்டம்" என்று ஒரு பேச்சே இருந்தது. அதில் எத்தனை பேருக்குத் தன்னாலேயே சரியாகியிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நினைக்கவில்லை. அந்தப் புத்தி அப்போதே இருந்திருந்தால் இதைச் சொல்ல வேண்டிய தேவையே வந்திருக்காது.

என் வாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தெருவில் யாராவது சொல்லிவிடுவார்கள். என்னை ஒருத்தர் மறுத்துப் பேசினால் எனக்குப் பொறுக்காது. என் வீட்டுக்காரர் கைலாசம் அரிசி மில்லில் வேலை பார்த்தார். நாள் முழுக்க மிஷின் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிற மனிதர், "மில்லே தேவலை" என்று சிரித்துக்கொண்டே சாப்பிட உட்காருவார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டை ஒட்டி சைதூன் பீவியின் வீடு. புழக்கடைச் சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு. அது சாத்தி நான் பார்த்ததில்லை. அவள் மாப்பிள்ளைக்குப் புனலூரில் ஜவுளி வியாபாரம். மாதத்தில் இரண்டு தரம் ரயிலேறி வருவார், இரண்டு நாள் இருப்பார், போய்விடுவார். சைதூனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். மாமியார் இல்லை, அம்மா இல்லை. என் மகளை வடகரையில் கட்டிக்கொடுத்த பிறகு எனக்கும் அதட்டி உருட்ட ஆள் இல்லாமல் இருந்தது. மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்பது முதல் பிள்ளைக்கு எப்போது மொட்டை போடுவது என்பது வரை என்னைக் கேட்காமல் அவள் எதுவும் செய்ய மாட்டாள். கேட்காமல் செய்தால் நான் விடவும் மாட்டேன்.

அவள் மகள் ஜன்னத். மூன்று வயது. குண்டுக் கன்னம், வீறாப்பு, ஓயாத ஓட்டம். அந்தச் சின்னக் கதவு வழியாக ஒரு நாளைக்கு நூறு தரம் வருவாள், போவாள். நிலைப்படியில் தடுக்கி விழுந்தால் தெருவே கேட்கிற மாதிரி ஒரு அழுகை. ஒரு துண்டு கருப்பட்டி கையில் விழுந்தால் நின்றுவிடும். "அழுது சாதிக்கப் பிறந்தவ" என்று நான் அவள் கன்னத்தைக் கிள்ளுவேன்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஆடி மாதம். சாரல் நன்றாக இறங்கியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை நானும் சைதூனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குதிரை வண்டியில் குற்றாலம் போனோம். பெரிய அருவியில் கூட்டம். பிள்ளைக்குச் சிற்றருவிதான் சரி என்று நான்தான் சொன்னேன். குளித்துவிட்டு வரும்போது பாசிக் கல்லில் ஜன்னத்துக்குக் கால் சறுக்கியது. பொத்தென்று உட்கார்ந்தாள், அழுதாள், வறுத்த கடலை வாங்கிக் கொடுத்ததும் எழுந்து ஓடினாள். அன்று சாயங்காலம்கூட என் வீட்டுக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தாள். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் காலையில் சைதூன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"காலைத் தரையில ஊனவே மாட்டேங்கா அக்கா. இறக்கி விட்டா நண்டு மாதிரி மடக்கிக்கிடுதா."

"எங்க வலிக்குது பிள்ள?" என்று கேட்டேன்.

ஜன்னத் கால் முட்டைத் தொட்டுக் காட்டினாள். அங்கே பார்த்தால் வீக்கம் இல்லை, சிராய்ப்பு இல்லை. காலை நீட்டப் போனேன், வீல் என்று கத்தினாள். இடது காலை மடித்து வெளிப்பக்கம் சாய்த்து வைத்திருந்தாள். அப்படி வைத்திருந்தால்தான் அவளுக்குச் சுகமாக இருந்தது.

"நேத்து சறுக்குனா இல்லியா, அதான். சுளுக்கு. வேற ஒண்ணும் இல்லை," என்றேன்.

"உடம்பு லேசா வெதுவெதுன்னு இருக்க மாதிரி இருக்கு அக்கா. பெரிய டாக்டர்ட்ட ஒரு எட்டு காட்டிருவமா?"

எனக்குச் சுருக்கென்றது. மதுரையிலிருந்து வருகிறவன் என் காலைத் தேடி வருகிறான், அடுத்த வீட்டுக்காரி டாக்டரைத் தேடுகிறாளே என்றுதான் எனக்குத் தோன்றியது. பிள்ளையைப் பற்றித் தோன்றவில்லை. "போயேன். ஊசி போட்டுப் பிள்ளையை அழ வைக்கதுக்கா ஆளு இல்லை? சுளுக்குக்கு டாக்டர்ட்ட போனவ நீ ஒருத்தியாத்தான் இருப்ப," என்றேன். அவள் முகம் சிறுத்துப் போயிற்று. "கோவிச்சுக்கிடாதீங்க அக்கா. சாயங்காலம் கொண்டாரேன்," என்று போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் முதல் நீவல். சைதூன் பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டாள், நான் சுவரைப் பிடித்துக்கொண்டு தொடையிலிருந்து முட்டு வரை பாதத்தால் நீவினேன். பிள்ளை கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. "அசையாத, அசையாத. அசைஞ்சா பலிக்காது," என்று அதட்டினேன். மூன்று வயதுப் பிள்ளையை.

வியாழக்கிழமை இரண்டாம் நீவல். இதைத்தான் நான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். இடுப்புப் பக்கம் பாதத்தை வைத்தேன், சுட்டது. சாதாரண உடம்புச் சூடு இல்லை. தோசைக் கல்லை இறக்கி வைத்த தரையில் கால் வைத்த மாதிரி உள்ளங்காலில் சுட்டது. எத்தனையோ பேரை மிதித்திருக்கிறேன், ஒரு சுளுக்கும் அப்படிச் சுட்டதில்லை. இது சுளுக்கு இல்லை என்று என் காலுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அப்போதே காலை எடுத்திருக்க வேண்டும். "ஏ பிள்ள, இது எனக்குப் பிடிபடலை, டாக்டர்ட்ட தூக்கிட்டு ஓடு" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை. வாய் ஓயாத எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

சைதூன் என் முகத்தைப் பார்த்தாள். "என்னக்கா?"

"சுளுக்கு எறங்குது. எறங்கும்போது சூடு வரும்," என்றேன்.

அப்படி ஒன்று கிடையாது. நான் அந்த நேரத்தில் உண்டாக்கிச் சொன்னது.

இரவு சாப்பிடும்போது என் வீட்டுக்காரர், "அந்தப் பிள்ளை அழுகை சுளுக்கு அழுகை மாதிரி இல்லை வடிவு. நாளைக்கு நான் தூக்கிட்டுப் போயி டாக்டர்ட்ட காட்டட்டுமா?" என்றார். "நீங்க எப்ப வைத்தியம் படிச்சீக?" என்று கேட்டேன். அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் நீவலில் ஜன்னத் முதலில் கத்தினாள், பிறகு சத்தம் தேய்ந்து முனகலாகிவிட்டது. "பாத்தியா, வலி கொறைஞ்சிட்டு," என்றேன். சனிக்கிழமை உடம்பு அனலாகக் கொதித்தது. பால் இறங்கவில்லை. அப்போதும் நான், "ஒரு நா பொறு, விட்டிரும்," என்றேன். சைதூன் முதல்முறையாக என் பேச்சைக் கேட்கவில்லை. துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பிள்ளையைத் தூக்கிப் போய்ப் பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதிப் பார்க்கச் சொன்னாள். அவர் பிள்ளையின் நெற்றியில் கை வைத்தார், காலைப் பார்த்தார். "இது ஓதுத சீக்கு இல்லைம்மா. இந்த நிமிசமே டாக்டர்ட்ட போ," என்று சொல்லிவிட்டாராம். ஓதி ஊதுவதுதான் அவர் தொழில். தன்னால் ஆகாது என்று சொல்ல அவருக்கு வாய் இருந்தது.

தென்காசி டாக்டர் பார்த்த உடனே பாளையங்கோட்டைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் நானும் கூடப் போனேன். புனலூருக்குத் தந்தி அடித்துவிட்டு என் வீட்டுக்காரரும் வந்தார். ரயில் ஒவ்வொரு குலுக்குக் குலுக்கும்போதும் பிள்ளை முனகினாள். பெட்டியில் எதிரே இருந்த ஓர் அம்மாள், "பிள்ளைக்கு என்ன?" என்று கேட்டாள். சைதூன் பிள்ளையை மார்போடு இழுத்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தாள். நரைத்த தலை, நிதானமான கை. பிள்ளையின் காலை ஓர் அங்குலம் அசைத்தாள், பிறகு அசைக்கவே இல்லை.

"இதுக்கு முன்னால உடம்புல எங்கயாவது கட்டி வந்துதா?"

"ரெண்டு வாரம் முன்ன முழங்கையில வேனல் கட்டி வந்து உடைஞ்சுது," என்றாள் சைதூன்.

"அந்தச் சீழ் ரத்தத்துல ஏறி இடுப்பு மூட்டுல போய் உட்கார்ந்திருக்கு. பிள்ளைங்க முட்டு வலிக்குதுன்னுதான் சொல்லும். ஆனா நோவு இடுப்புல. எத்தனை நாளா நடக்கலை?"

"இன்னையோட அஞ்சு நாளு."

"அஞ்சு நாளா! ஓடிக்கிட்டிருந்த பிள்ளை திடீர்னு காலை ஊனலைன்னா, காய்ச்சலும் இருந்தா, அன்னிக்கே தூக்கிட்டு வரணும். முதல் நாளே வந்திருந்தா மூட்டைக் காப்பாத்தியிருக்கலாம். அஞ்சு நாள் என்னம்மா பண்ணுனீங்க?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சைதூன் ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவிடம், "வீட்டுலயே வச்சுப் பாத்தோம்," என்றாள். அவ்வளவுதான். டாக்டரம்மா அவளைத்தான் திட்டினாள். படிக்காவிட்டாலும் தாய்க்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டாள். பட்ட திட்டெல்லாம் என் திட்டு. அவள் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

இடுப்பைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். நாற்பது நாள் இடுப்பிலிருந்து பாதம் வரை மாக்கட்டு. உயிர் தங்கியது. கட்டைப் பிரித்துப் பார்த்தபோது மூட்டு அரித்துப் போயிருந்தது. கால் வளர வளரக் குட்டையாகும் என்றார்கள்; அப்படியே ஆயிற்று. ஆறு வயதில் இடது கால் வலது காலைவிட மூன்று விரற்கடை குறைவு. உடம்பை ஒரு பக்கம் தாழ்த்தி, இழுத்து, மறுபடி தூக்கித்தான் ஓர் எட்டு வைக்க முடியும்.

ஆனால் நான் செய்த பெரிய பாவம் மிதித்தது இல்லை. அது அதற்குப் பிறகு வந்தது.

நான் முன்னால் ஊர் திரும்பிவிட்டேன். அவர்கள் பாளையங்கோட்டையில் இருக்கும்போதே இங்கே கிணற்றடியில் பேச்சுக் கிளம்பிவிட்டது. தெருக்கோடி குருவம்மாள் தண்ணீர் இறைத்துக்கொண்டே கேட்டாள்: "என்ன வடிவு, ஒன் காலு பட்டும் அந்தத் துலுக்க வீட்டுப் பிள்ளைக்குக் கேக்கலியாமே?" நாலு பேர் குடத்தோடு திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

"எங்க கேக்கும்? பிள்ளை மூணு நாளும் அழுது பொரண்டு ஒதறித் தள்ளிட்டா. அசையாமப் படுத்திருந்தா மூணாம் நாளே ஓடியிருப்பா," என்றேன்.

"அதான பாத்தேன்!" என்றாள் குருவம்மாள். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். என் மானம் பிழைத்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் யாரையும் மிதிக்கவில்லை. காலில் ஆணி என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். திமிர் பிடித்துவிட்டது என்றார்கள். சொல்லட்டும் என்று விட்டேன். சைதூன் ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை. சின்னக் கதவு திறந்தே இருந்தது, நோன்புக் கஞ்சி வந்தது, பெருநாளைக்கு வட்டிலப்பம் வந்தது. ஒரு நாள் என் மயிரைப் பிடித்து உலுக்கியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜன்னத்தும் வருவாள், போவாள். நூறு தரம் இல்லை, நாலைந்து தரம். ஒன்றை மட்டும் நான் கவனித்தேன்: அந்தப் பிள்ளை அழுவதே இல்லை. நாலரை வயதில் காலில் கருவை முள் ஏறி, என் வீட்டுக்காரர் ஊசியால் தோண்டி எடுத்தார். கண் இரண்டும் நிறைந்து நின்றது, ஒரு முனகல் இல்லை. தெருப் பிள்ளைகள் "நொண்டிக் குதிரை" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே வரும். உதட்டைக் கடித்துக்கொண்டு போவாள். "அழுத்தக்காரி. ஆஸ்பத்திரி பாத்த பிள்ளை," என்று தெருவில் மெச்சினார்கள். நானும் மெச்சினேன். என் மடத்தனத்தைப் பாருங்கள்.

அறுபதாம் வருஷம். பள்ளிக்கூடம் திறக்க மூன்று நாள் இருந்தது. ஜன்னத்தை முதல் வகுப்பில் சேர்க்கப் பேர் கொடுத்திருந்தார்கள். வாப்பா புனலூரிலிருந்து பச்சைப் பாவாடைத் துணி கொண்டுவந்திருந்தார். அன்று சைதூன் சிற்றாற்றுக்குத் துவைக்கப் போயிருந்தாள். வானம் மூடி, குற்றாலம் மலைப் பக்கம் கறுத்துக் கிடந்தது. நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சின்னக் கதவு வழியாகச் சத்தம் கேட்டது. ஓர் எட்டு, ஓர் இழுப்பு. கக்கத்தில் ஒரு பாயைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு ஜன்னத் வந்தாள்.

"பெரியம்மா, உம்மா ஆத்துக்குப் போயிருக்கு. வரதுக்கு நேரம் ஆவும்."

"சரி, அதுக்கு என்ன?"

பாயை விரித்தாள். அதன் மேல் குப்புறப் படுத்தாள். பாவாடையை முட்டு வரை இழுத்து விட்டுக்கொண்டு இடது காலை முடிந்த மட்டும் நீட்டினாள்.

"மிதிங்க பெரியம்மா."

நான் சுளகைக் கீழே வைத்தேன்.

"என்ன பிள்ள இது?"

"அன்னைக்கு நான் அழுதேன்லா, அதான் கேக்கலை. இந்தத் தடவ அழமாட்டேன். நான் இப்பல்லாம் அழுததே இல்லை, நீங்க பாத்திருக்கீங்கல்லா? முள்ளு எடுக்கும்போதுகூட அழலை. பழகிட்டேன்." இடுப்பில் செருகியிருந்த ஒரு துணியை எடுத்தாள். சைதூனின் பழைய துப்பட்டிக் கிழிசல். அதைச் சுருட்டிக் காட்டினாள். "இதை வாயில வச்சுக்கிடுதேன். சத்தம் வராது. இன்னைக்கு, நாளைக்கு, நாளான்னைக்கு. மூணு நாளு. திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு நல்லா நடந்து போயிருவேன்."

"நீ அழுததுனால கேக்கலைன்னு யாரு சொன்னா?"

"குருவம்மா பெரியம்மா சொன்னாக. கிணத்துல எல்லாரும் சொன்னாக. நீங்கதான் சொன்னீங்கன்னு சொன்னாக."

சொல்லிவிட்டுத் துணியை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தாள். முதுகு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்று வருஷம். என் மானத்தைக் காப்பாற்ற ஒரு நிமிஷத்தில் நான் சொன்ன பொய்யை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை மூன்று வருஷமாக அழாமல் இருக்கப் பழகியிருக்கிறாள். காலைக் கெடுத்தது தான்தான் என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறாள். பக்கத்தில் விழுந்து உட்கார்ந்து, வாயிலிருந்த துணியைப் பிடுங்கி எறிந்தேன்.

"தாயி, நீ அழுததுல ஒண்ணும் இல்லை. நீ அழுதது சரி. தப்பு என் மேல. ஒன் காலு உள்ளுக்குள்ள சீப்பிடிச்சுக் கொதிச்சுது. எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் சொல்லலை. டாக்டர்ட்ட போவிடலை. நான்தான் கெடுத்தேன்."

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பாதி புரிந்திருக்குமோ, அதுவும் இல்லையோ.

"அப்ப மிதிக்க மாட்டீங்களா?" என்றாள்.

"மிதிச்சா சரியாவாது தாயி. ஒருநாளும் ஆவாது."

புழக்கடையில் ஏதோ விழுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். சின்னக் கதவில் சைதூன் நின்றாள். மழை வருமென்று பாதியிலேயே திரும்பியிருக்கிறாள். ஈரத் துணி மூட்டை காலடியில் கிடந்தது. எல்லாம் கேட்டிருந்தாள்.

"சுட்டது எனக்கும் தெரியும் அக்கா," என்றாள். குரல் ஏறவே இல்லை. "நான் பெத்தவ, எனக்குத் தெரியாதா? நீங்க சொல்லுதீங்களேன்னு வாயை மூடிக்கிட்டேன். அந்தத் தப்புல பாதி என்னோடதுன்னுதான் இம்புட்டு நாளும் ஒங்களை ஒரு வார்த்தை கேக்கலை. மிதிச்சதை அல்லா மன்னிப்பான், நானும் மன்னிச்சேன்." மூச்சு வாங்கினாள். "ஆனா எம்பிள்ளை அழுததுனாலதான் காலு போச்சுன்னு சொன்னீங்களே. அதைச் சொன்னது நீங்கதான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. எப்படி அக்கா வாய் வந்துது?"

அவள் காலைத் தொடப் போனேன், நகர்ந்துகொண்டாள்.

"என் கால்ல விழவேண்டாம். எந்த வாயால, எந்த எடத்துல சொன்னீங்களோ, அந்த எடத்துல போயிச் சொல்லுங்க. இவளையும் கூட்டிட்டுப் போயிச் சொல்லுங்க."

ஜன்னத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். ஆறு வயதுக்குக் கனமில்லாத பிள்ளை. கிணற்றடியில் ஏழெட்டுப் பேர் மழைக்கு முன்னால் தண்ணீர் எடுத்துவிட அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்கள். குருவம்மாளும் இருந்தாள். நான் போய் நடுவில் நின்றேன்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க," என்றேன். "இந்தப் பிள்ளை அழுது ஒதறுனதுனால காலு போச்சுன்னு இதே எடத்துல நான்தான் சொன்னேன். அது பொய்யி. அது சுளுக்கே இல்லை. ரெண்டாம் நாளே எனக்குத் தெரிஞ்சுது. என் வீறாப்புக்காக இவளை ஆஸ்பத்திரிக்குப் போவிடாம வச்சிருந்தேன். இவ காலைக் கெடுத்தது நான். இனிமே ஒருத்தி இவ அழுததைப் பத்திப் பேசுனா நான் சும்மா இருக்க மாட்டேன்."

வாளி இறைக்கிற சத்தம் நின்றுவிட்டது. "விடு வடிவு, விதி. அதுக்கு நீ என்ன செய்வ?" என்றாள் குருவம்மாள்.

"விதி இல்லைக்கா. நான்," என்றேன்.

ஒருத்தி பிள்ளையைப் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூறல் விழத் தொடங்கியது. திரும்பி நடந்தேன். சைதூன் அவள் வீட்டு வாசலில், தெருவில் கால் வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

பாதித் தெரு வந்ததும் ஜன்னத் என் காதருகில் கேட்டாள்:

"பெரியம்மா, அப்ப நான் அழலாமா?"

"அழலாம் தாயி."

"அழுதா காலு இன்னும் சின்னதாப் போயிராதா?"

"போவாது. சத்தியமாப் போவாது."

என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முதலில் சத்தமே வரவில்லை, உடம்பு மட்டும் குலுங்கியது. பிறகு வந்தது. முள்ளுக்கும், நொண்டிக் குதிரைக்கும், மாக்கட்டுக்கும், திங்கட்கிழமை நல்ல காலோடு போக முடியாததற்கும் சேர்த்து அழுதாள். தெருவே கேட்டது. மூன்று வயதில் நிலைப்படி தடுக்கி விழுந்து அழுத அதே அழுகை.

சைதூன் படியிறங்கி வந்து, பிள்ளையை என் தோளிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். புழக்கடைச் சின்னக் கதவைச் சாத்துகிற சத்தம் எனக்குக் கேட்டது.